பௌர்ணமிக்கு கிறுக்கு கூடுமா?

எங்க ஏரியால எவனாச்சும் கொஞ்சம் சத்தம் போட்டு பேசிட்டா போதும், "அமாவாசை பௌர்ணமி வந்தா இவனுக்கு இப்படித்தான்"னு முத்திரை குத்திருவாய்ங்க. டீக்கடைல சில்லறை பாக்கிக்கு ஒரு சண்டை, மாஸ்டர் வடை அரிக்கிற கரண்டிய ஆட்டிக்கிட்டே இதே தீர்ப்ப சொல்றாரு. போன்ல காலண்டர பாத்தா பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் கெடக்கு. காட்டுனேன். "அப்ப இப்பவே ஆரம்பிச்சுருச்சு தம்பி"ங்குறாரு. இவர எப்புடி ஜெயிக்கிறது?

நிலா வெளிச்சம்தான் காரணம்னா அமாவாசைய எதுக்கு சேத்துக்கிறோம்? கேட்டா, கடல்ல ரெண்டு நாளும் ஏத்தம் கூடும்ல, நம்ம உடம்புலயும் பாதிக்கு மேல தண்ணிதானேம்பாய்ங்க. சூரியன் பூமி நிலா மூணும் ஏறக்குறைய ஒரே நேர்ல வர்றதால கடல் ஏத்தம் கூடுறது நெசம்தான், ஆனா பூமிக்கு இந்தப் பக்கம் நிலா இழுக்குறதுக்கும் அந்தப் பக்கம் இழுக்குறதுக்கும் உள்ள வித்தியாசத்துல வர்ற விசயம் அது, அம்புட்டு பெரிய சைஸ் வேணும். வண்டியூர் தெப்பக்குளம் நெறஞ்சு கெடக்கும்போது போய் பாருங்க, பௌர்ணமிக்குன்னு ஒரு படி ஏறுதா? அதுவே கம்முனு கெடக்கு, நம்ம ஒடம்புல இருக்க தண்ணியவா போட்டு ஆட்டப்போகுது.

1985லயே ராட்டன், கெல்லின்னு ரெண்டு பேரு குற்றம், மனநல ஆஸ்பத்திரி அட்மிஷன்னு அதுவரைக்கும் வந்த 37 ஆய்வ மொத்தமா அலசுனாங்க. சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் தேறல. பௌர்ணமில நடந்த சண்டை ஞாபகம் இருக்கும், சும்மா செவ்வாக்கெழமைல நடந்தத எவன் ஞாபகம் வச்சிருக்கான்.

தூக்கம் மட்டும் வேற கதை. 2021ல வந்த ஒரு ஆய்வுல அர்ஜென்டினால கரண்ட் இல்லாத பழங்குடி ஊரு மக்களையும் அமெரிக்காவுல சியாட்டில் காலேஜ் பசங்களையும் கைல வாட்ச் மாதிரி ஒண்ண கட்டி பாத்திருக்காங்க, பௌர்ணமிக்கு மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் லேட்டா படுத்து கம்மியா தூங்குறாங்க. அந்த நாள்ல பொழுது சாயும்போதே நிலா மேல வந்து நிக்கும்ல. அப்ப மாஸ்டர் சொன்ன நாலு நாள் கணக்கு ஏதோ குருட்டாம்போக்குல பொருந்தித்தான் போகுது, அதுக்காக சில்லறை சண்டைக்கெல்லாம் நிலாவ சாட்சி கூப்புட முடியாது.

நம்ம ஊருல பௌர்ணமிக்கு தூக்கம் கெடுறதுக்கு ஆய்வே வேணாம், திருப்பரங்குன்றம் கிரிவலம் போனாலே போதும். சித்திரா பௌர்ணமின்னா ராத்திரி பூரா ஊரே ரோட்டுல, விடியக்காலைல அழகர் ஆத்துல எறங்குறத பாத்து, தண்ணி பீச்சுறவய்ங்க கிட்ட நனஞ்சு, வெயில்ல நடந்து வீடு வந்து சேந்தவன் மறுநாள் வேலைல எரிஞ்சு விழத்தான் செய்வான், வானத்துல நிலா இருந்தா என்ன இல்லாட்டி என்ன.