பல்சர் கடிகாரமும் எலக்ட்ரான் தாமதமும்

பல்சர் என்பது கடிகாரம்போலச் சீராகச் சுழன்று ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன். அந்தத் துடிப்புகள் வந்துசேரும் நேரத்தில் தெரியும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு ஈர்ப்பு அலைகளைத் தேடலாம். பல்சர் ஆய்வுக்கு வரும் மாணவர்களில் பலருக்கு அந்த ஈர்ப்பு அலை மீதுதான் கண். 2023 ஜூன் 29-இல் இந்திய, ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் நானோஹெர்ட்ஸ் (மிகக் குறைந்த அதிர்வெண்) ஈர்ப்பு அலைகளுக்கான சான்றுகளை வெளியிட்டபின் அந்த ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. ஆனால் பிஎச்.டி.யின் தொடக்க ஆண்டுகளை விழுங்குவது எலக்ட்ரான்கள்தான்.

ஜே1909−3744 என்ற பல்சரைப் பாருங்கள். 2.95 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழல்கிறது. வழியிலுள்ள எலக்ட்ரான்களால் அதன் துடிப்பு 400 மெகாஹெர்ட்ஸில் சுமார் 269 மில்லிநொடி தாமதமாகிறது. 1260-இல் 27 மட்டுமே. அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக ஓடும் கணக்கு இது. இந்த எலக்ட்ரான் அளவைத்தான் டிஎம் என்கிறோம். அதில் லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட 1400 மெகாஹெர்ட்ஸில் 0.2 மைக்ரோநொடி பிழை. நாம் தேடும் ஈர்ப்பு அலையின் தடமும் ஏறத்தாழ அதே அளவுதான்!

புனே அருகே கோடத்தில் உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இதற்கு வாய்த்த கருவி. 45 மீட்டர் விட்டமுள்ள அதன் 30 ஆன்டெனாக்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை 300–500 மெகாஹெர்ட்ஸிலும் இன்னொன்றை 1260–1460-இலும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். நாள் மாறினால் டிஎம்மும் மாறும் என்பதால் இந்த 'ஒரே நேரம்' மிக முக்கியம். கீழ் அதிர்வெண்ணில் மையத்திலிருந்து விலகி நீளும் கரங்களின் தொலைவு ஆன்டெனாக்களைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அயனி மண்டலம் அவற்றின் கட்டத்தை (அலைகளின் ஒத்திசைவை) கலைத்துவிடும்.

பிறகு வரும் வேலை: குறுக்கீட்டை நீக்குவது, சுழற்சிக் காலத்துக்கு ஏற்பத் தரவை மடிப்பது (துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது), டெம்ப்ளேட்டோடு, அதாவது மாதிரித் துடிப்போடு, ஒப்பிட்டு வருகை நேரத்தை எடுப்பது, டெம்போ2 மென்பொருளில் பொருத்துவது. மடிக்கும்போது பல்சரின் சுழற்சி விவரங்கள் உள்ள அளவுருக் கோப்பில் பழையதைப் போட்டால் துடிப்பு அகன்று மங்கும்; அது கண்ணுக்கே தெரியும். கண்ணில் படாத பிழைதான் கொடியது. 200 மெகாஹெர்ட்ஸை 1024 சேனலாகப் பிரித்துவிட்டு, சேனலின் நடு அதிர்வெண்ணுக்குப் பதில் விளிம்பைக் குறித்தால், 400 மெகாஹெர்ட்ஸில் இந்தப் பல்சருக்கு 0.13 மில்லிநொடி தவறும். எல்லா நாளும் ஒரே மாதிரி தவறினால் டிஎம் சற்று நகர்வதோடு போகும். மென்பொருள் மாறிய நாளிலிருந்து தவறினால், எஞ்சிய நேர (கணித்த வருகை நேரத்துக்கும் உண்மையில் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாச) வரைபடத்தில் ஒரு படி எழும். அதை இயற்கையின் விளைவு என்று நம்பி மாதக்கணக்கில் அலைய நேரும். ஆகவே பதிவுக் குறிப்பேட்டை முதலில் புரட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆண்டுதோறும் டிசம்பர் இறுதி, ஜனவரித் தொடக்கத்தில் டிஎம் ஏறலாம். அப்போது சூரியன் இந்தப் பல்சருக்கு 15 பாகை அளவு அருகில் வருகிறது. சூரியக் காற்றின் எலக்ட்ரான்கள் குறுக்கே நிற்கின்றன. ஈர்ப்பு அலை தேடுபவருக்கு அது கழிக்க வேண்டிய இரைச்சல். ஆனால் உதகையின் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி பல்லாண்டுகளாகத் துரத்திவருவது அதே சூரியக் காற்றைத்தான். இந்த ஏற்றத்தைக் கழிக்க உட்கார்ந்த மாணவர், அதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வதும் முழுமையான அறிவியல்தான். வழிகாட்டிகள் அதைத் தடுக்கக் கூடாது.