18 நகத்துக்கு 4 நாள்

எங்கள் முயல் மிளகு நடந்து வந்தால் சத்தமே கேட்கக் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தை மாதிரி தோல் இருக்குமே, முயலுக்கு அது கிடையாது. உள்ளங்கால் முழுக்க ரோமம்தான். பஞ்சை ஒற்றி எடுக்கிற மாதிரி வந்து போகும். அது டைல்ஸ் தரையில் 'டிக் டிக்' என்று தாளம் போட ஆரம்பித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். "சலங்கை கட்டின மாதிரி இருக்குல்ல?" என்று அக்காவிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். அடுத்த வாரமே கால்மிதியின் நூலில் பின்னங்கால் நகம் மாட்டிக்கொண்டது. அது உதறிய வேகத்தில் மிதியும் சேர்ந்து எழும்பி வந்தது. நல்லவேளை, நகம் பிய்ந்து போகவில்லை.

அன்றைக்குத்தான் காலை ஒழுங்காகப் பார்த்தேன். நகங்கள் ரோமத்தைத் தாண்டி வளைந்து கிடந்தன. நகம் அளவுக்கு மீறி வளர்ந்தால் விரல்கள் தரையில் சரியாகப் பதியாது, உடம்பின் பாரம் குதிகாலில் இறங்கிவிடும். அங்கே ரோமம் தேய்ந்து புண்ணாகிவிட்டால் லேசில் ஆறாது. மிளகின் இடது குதிகாலில் ஒரு பொட்டு அளவுக்கு ரோமம் தேய்ந்து தோல் சிவந்திருந்தது.

ஒரு வீடியோவில் முயலை மடியில் மல்லாக்கப் போட்டு நகம் வெட்டினார்கள். அதுவும் குழந்தை மாதிரி அசையாமல் கிடந்தது. அடடா, இவ்வளவுதானா என்று சோபாவில் உட்கார்ந்து நானும் அப்படியே செய்தேன். மிளகு கண்ணைத் திறந்தபடி விறைத்துக் கிடந்தது. 4 நகம் வெட்டிவிட்டேன், பெருமை தாங்கவில்லை. ஐந்தாவதற்குக் காலைப் பிடித்ததும் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி துள்ளிக் கீழே விழுந்தது. பயந்துபோய் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடி எதுவும் படவில்லை. ஆனால் எனக்குப் பாடம் கிடைத்தது.

மல்லாக்கப் போட்டதும் அசையாமல் கிடப்பது நிம்மதியில் இல்லையாம், தப்பிக்க வழியில்லை என்று செத்த மாதிரி கிடப்பதாம். வெளியே அசைவில்லையே தவிர உள்ளே பயந்து நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்றும் சொன்னார். முயலின் எலும்பு மொத்த எடையில் 7-8 சதவீதம்தான், பின்னங்கால் தசையோ அதற்குச் சம்பந்தமில்லாத பலம். பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் ஒரு உதை விட்டால் முதுகெலும்பே முறிந்துபோகலாம். "அது முதுகை ஒடிக்க வேற ஆள் வேண்டாம், அதுவே போதும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த வீடியோவை எடுத்தவரைத் தேடிப் பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.

ஆயுதத்திலும் தப்பு செய்திருந்தேன். நாம் வெட்டிக்கொள்ளும் நகவெட்டி தட்டையான நகத்துக்கானது. முயலின் நகம் உருண்டையாக இருப்பதால் அதில் நசுங்கிப் பிளந்துவிடுகிறது. பூனைக்கு விற்கும் சின்னக் கத்தரிக்கோல் மாதிரியான வெட்டி வாங்கினேன். அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

இரண்டாவது முயற்சியை சோபாவில் வேண்டாம் என்று தரையிலேயே வைத்துக்கொண்டோம். துள்ளினாலும் விழ உயரம் இல்லை. துண்டை விரித்து, நடுவில் மிளகை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மடித்துச் சுற்றி, பின்பக்கம் என் வயிற்றில் அண்டக் கொடுத்தேன். நான்கு காலும் எதன் மேலாவது ஊன்றியிருந்தால் அது பாதி சமாதானம் ஆகிவிடுகிறது. துண்டைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன் போல. "டேய், மூக்கை மூடிட்டேடா!" என்று அக்கா கத்தினாள். முயல் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கை மூடினால் திணறிப்போகும். துண்டுக்குள் சீக்கிரம் சூடாகியும் விடும் என்பதால் 5 நிமிடத்துக்கு மேல் சுற்றி வைப்பதில்லை.

முன்னங்கால் ஒன்று வெள்ளை, மற்ற மூன்றும் கறுப்பு. வெள்ளைக் காலில் நகமும் கண்ணாடி மாதிரி. உள்ளே ரத்தம் ஓடும் சதை ரோஸ் நிறத்தில் தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டினால் போதும். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. அக்கா செல்போன் டார்ச்சை நகத்துக்கு அடியில் பிடித்தாள், நான் விரல்நுனியை ஈரமாக்கி ரோமத்தை ஒதுக்கினேன். வெளிச்சம் ஊடுருவியதும் உள்ளே ஒரு நிழல் தெரிந்தது. அது முடிகிற இடம்தான் எல்லை.

தெரிந்த மாதிரி இருந்தது என்பதுதான் சரி. மூன்றாவது கறுப்பு நகத்தில் 'க்ளிக்' என்றதும் மிளகு வெடுக்கென்று காலை இழுத்தது. வெள்ளைத் துண்டில் சிவப்புப் பொட்டு. ஒரே ஒரு சொட்டுதான், ஆனால் துண்டில் பரவியபோது என் கை நடுங்கிவிட்டது. சோளமாவு வைத்து அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியும், மாவு சமையலறையில் இருக்கிறது, நான் முயலோடு தரையில் இருக்கிறேன். அக்கா டார்ச்சோடு எழுந்து ஓடினாள். நகத்தின் நுனியை மாவில் அமுக்கி, பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்ததும் நின்றது. இப்போதெல்லாம் துண்டை விரிக்கும் முன்பே ஒரு மூடியில் மாவு எடுத்து வைத்துவிடுகிறேன்.

அதோடு நிறுத்தச் சொன்னது அக்கா. எனக்கு மனசே இல்லை, எடுத்த வேலையை முடித்துவிட வேண்டும் என்ற வீம்பு. "எல்லாத்தையும் இன்னைக்கே வெட்டணும்னு யாராவது சட்டம் போட்டாங்களா?" என்றாள். யோசித்தால் அதுதான் என் பிரச்சினையே. சில நகம் தாண்டினால் அதற்கும் பொறுமை போகிறது, எனக்கும் கை அவசரப்படுகிறது. அவசரத்தில்தான் ரத்தம் வந்தது.

ஒரு நாளைக்கு ஒரு கால் என்று ஆக்கிக்கொண்டோம். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு நாலு, மொத்தம் 18. முன்னங்காலின் ஐந்தாவது நகம் உள்பக்கமாக, கொஞ்சம் மேலே ரோமத்துக்குள் ஒளிந்திருக்கும். தரையில் உரசாததால் தேயவே தேயாது. நான் முதல் தடவை அதைக் கவனிக்கவே இல்லை. சந்தேகமான நகத்தை வெட்டும் முன் வெட்டியால் லேசாக அழுத்திப் பார்ப்பேன். காலை இழுத்தால் சதைக்குக் கிட்டே இருக்கிறேன் என்று அர்த்தம், இன்னும் நுனிக்கு நகர்ந்துவிடுவேன்.

வேலை முடிந்ததும் பிடித்த தழையை நீட்டுவேன். கோபம் பெரிதாக இருந்தால் வாங்காது. பின்னங்காலால் 'தொம்' என்று தரையை அடித்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். அதைப் பற்றிக் கவலையில்லை. அன்று காய்ந்த புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று மட்டும் கண்ணை வைத்துக்கொள்வேன். பயத்தில் முயலின் குடல் மந்தமாகிவிடக்கூடும். அரை நாளாக ஒன்றும் தின்னவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இப்போது 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை வெட்டுகிறோம். வலது பின்னங்காலின் இரண்டாவது நகம் மட்டும் இன்னும் மற்றதைவிட நீளம். நகத்தோடு உள்ளே சதையும் வளர்ந்துவிட்டதால் ஒரேயடியாகக் குறைக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் சீவினால் சதை கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும் என்றார் மருத்துவர். அடுத்த சீவல் வியாழக்கிழமை.