செல்விக்கு ஊசி, மாலை நான்கரை மணி

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் எங்களுக்கு மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவான தோட்டம் இருக்கிறது. தென்னை, கொஞ்சம் மஞ்சள், மாட்டுக்குக் கோ-4 புல், கட்டுத்தறியில் இரண்டு மாடுகள், யார் கேட்டாலும் சரியான எண்ணிக்கை சொல்ல முடியாத நாட்டுக்கோழிகள் ஆகியவற்றோடு, ஓட்டு வீட்டின் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஒரு மேசையும் உண்டு. அந்த மேசைதான் என் அலுவலகம். சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஊழியராக, இங்கிலாந்திலுள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளில் எங்கெங்கே பிழை ஒளிந்திருக்கிறது என்று தேடிச் சொல்வது என் பணி. 2020 ஊரடங்கின்போது வீட்டுக்கு அனுப்பியவர்கள் அதன்பின் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் அவர்களுக்கு அதை நினைவூட்டவில்லை.

தோட்டத்திலிருந்து வேலை பார்க்கிறேன் என்றால் சென்னைத் தோழிகள் உடனே கண்ணை மூடிக்கொண்டு, தென்னை நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு, ஒரு கையில் இளநீரும் மறு கையில் மடிக்கணினியுமாக என்னைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். தலையில் விழக்கூடிய காயின் எடையை அறிந்தவர்கள் எவரும் தென்னை மரத்தடியில் உட்காருவதில்லை என்பதை அவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

உண்மையில் இங்கே வேலைப்பளுவைவிடப் பெரிய சிக்கல் கடிகாரங்கள்தான். பள்ளி வேன் எட்டேகாலுக்கு வரும். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன் சாக்ஸின் இன்னொரு காலைத் தேடத் தொடங்குவது எட்டு பத்துக்கு. பால் சங்கத்தில் மாலைப் பாலை ஐந்து மணிக்குள் ஊற்றியாக வேண்டும். ஐந்து தாண்டினால் அந்தப் பாலை நாமே தயிராக்கி, மோராக்கி, குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். கிணற்று மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என முறை வைத்து வரும். விவசாயத்துக்கு அது இலவசம் என்பதால் கட்டணம் எதுவும் கிடையாது, அதற்காகக் காத்திருப்பது மட்டுமே நம் பங்கு. காத்திருப்பைக் குறைப்பதற்காக மாமா, மோட்டார் பெட்டியில் சிம் கார்டு போட்ட ஒரு கருவியைப் பொருத்தினார். மின்சாரம் வந்ததும் அது தானாகவே கைப்பேசிக்கு அழைத்து, பதிவு செய்யப்பட்ட குரலில் செய்தி சொல்லும். மாமாவுக்குத் தோட்டத்தில் நிற்கும்போது கைப்பேசி மணி காதில் விழாது. ஆகவே அந்தக் கருவியில் என் எண்ணைக் கொடுத்துவிட்டார். திருப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் என்னைக் கூப்பிடுவதைக் காட்டிலும் மோட்டார் கூப்பிடுவதுதான் அதிகம். அதுவும் பெரும்பாலும் நான் யாருக்காவது முக்கியமான ஒன்றை விளக்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடும்.

இத்தனைக்கும் நடுவே, ஊரின் கணக்குப்படி நான் சும்மா இருக்கிறேன். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிலிருந்து எந்த வகையில் வேறுபட்டவள் என்பது தெருவில் போகிறவர்களுக்குப் பிடிபடுவதில்லை. "உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கறே அம்மிணி, எங்க ஆடு இந்தப் பக்கம் வந்தா ஒரு சத்தம் குடு" என்று சொல்லிவிட்டுப் போகும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவிடம், நான் இப்போது ஏழு பேருடன் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர் எட்டிப் பார்த்தால் திரையில் ஏழு பேரும் சும்மா உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கையில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவது, மழை வருகிறதென்றால் கொடியிலிருக்கும் துணியையும் களத்தில் காயும் மிளகாயையும் ஒரே ஓட்டத்தில் அள்ளிக்கொண்டு வருவது, ஒலிவாங்கியை அடைத்துவிட்டு மூன்று வயதுப் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் வேலை என்ற கணக்கிலேயே வராது என்பது அலுவலகத்துக்கும் ஊருக்கும் இருக்கும் ஒரே ஒற்றுமை.

என் அத்தை மட்டும் மடிக்கணினியை மதிப்பவர். அதன் பக்கவாட்டிலிருந்து சூடான காற்று வருவதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த மதிப்பு இன்னும் கூடிவிட்டது. முன்பெல்லாம் நோஞ்சான் கோழிக்குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதும். இப்போது எல்லா இடத்திலும் எல்.இ.டி. பல்புதான். அது வெளிச்சம் தரும், சூடு தராது. ஆகவே ஐப்பசி அடைமழையில் நனைந்து நடுங்கிய இரண்டு குஞ்சுகளைப் பெட்டியோடு கொண்டுவந்து கணினியின் காற்று வரும் பக்கமாக வைத்துவிட்டு, "நீ பாட்டுக்கு வேலையப் பாரு கண்ணு, நிறுத்தி மட்டும் போடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைய கூட்டத்தில் விடாமல் ஒரு கீச்சொலி கேட்டது. இங்கிலாந்துக்காரர் ஒருவர், யார் வீட்டிலோ புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது, உடனே மாற்றிவிடுங்கள், ஆபத்து என்று அக்கறையோடு சொன்னார். அவரவர் தம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

மயில் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. எனக்குப் பின்னால் இருக்கும் சன்னலில் ஒரு ஆண் மயில் வந்து நின்றதைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு, கேமராவைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சியது. எவ்வளவு அதிர்ஷ்டசாலி நீங்கள் என்றார்கள். அந்த மயில் அப்போதுதான் என் தக்காளி நாற்றுகளை வரிசை மாறாமல் கொத்தி முடித்துவிட்டு வந்திருந்தது. 1963 முதல் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது என்று அதற்கு இருக்கும் பதவிகள் அதற்கே தெரியும் போலிருக்கிறது. கை தட்டி விரட்டினால் நான்கடி தள்ளி நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். அணிலுக்கு அந்த அளவு பதவி இல்லை, ஆனால் சேதத்தில் குறையில்லை. 2021-இல் மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று அமைச்சர் சொன்னபோது மாநிலமே சிரித்தது. அதற்கு முந்திய வாரம்தான் எங்கள் இணையக் கம்பியை அணில் கடித்திருந்ததால் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இப்படி ஒருவாறு எல்லாக் கடிகாரங்களுக்கும் நடுவே சந்து கண்டுபிடித்து ஓடிக்கொண்டிருந்த வண்டி, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று குடைசாய்ந்தது. அன்றைக்கு இங்கிலாந்தில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அவர்களுடைய காலை பத்து மணிக் கூட்டம் அதுவரை நமக்குப் பிற்பகல் இரண்டரை மணியாக இருந்தது, மறுநாளிலிருந்து மூன்றரை ஆகிவிட்டது. மூன்றரை என்பது செல்வியைக் கறக்கும் நேரம்.

செல்வி எங்கள் ஜெர்சி கலப்பின மாடு. மகன் தன் முதல் வகுப்பு ஆசிரியையின் மீதுள்ள பிரியத்தில் வைத்த பெயர். (ஆசிரியைக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.) மற்ற மாடு யார் உட்கார்ந்தாலும் பால் கொடுக்கும். செல்வி என்னைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது. அத்தை ஒருமுறை என் சேலையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தார். முகர்ந்து பார்த்துவிட்டு வாளியை உதைத்துவிட்டது. இங்கிலாந்தில் கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறார்கள், நாமும் ஒரு மணி நேரம் தள்ளிக் கறந்தால் என்ன என்று மாமாவிடம் கேட்டேன். மாமா தினமும் காலையில் செய்தித்தாளில் பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைப் பங்குச்சந்தை விலை போலப் பார்ப்பவர். 105 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அன்றைய அவருடைய மனநிலை அமையும். அன்று அணை நன்றாகவே நிரம்பியிருந்தது. இருந்தும், "பால் சங்கத்துக் கடிகாரத்தை ஆரு திருப்பி வெச்சாங்க அம்மிணி?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து செல்வி கத்தத் தொடங்கியது. தீவனம் எடுக்கவில்லை, பால் பாதியாகக் குறைந்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. மாடு வளர்ப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை, சினைப்பருவம். விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். காலையில் கத்தினால் அன்று மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது சினை ஊசி போடுகிறவர்களின் கணக்கு. இரண்டு முறை போட்டும் ஏற்கெனவே சினை நிற்காமல் போயிருந்ததால் இந்தத் தடவை நேரத்தைத் தவறவிடக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டேன். நான்கரைக்கு வருவதாகச் சொன்னார். அலுவலக நாட்காட்டியில் அந்த நேரத்தை அடைத்து, "செல்விக்கு ஊசி" என்று குறித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது மேலாளரிடமிருந்து செய்தி வந்திருந்தது. நல்ல மனிதர், தமிழர், சிறு பெண் குழந்தைக்குத் தகப்பன். "செல்விக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தார். பாப்பா காலடியில் உட்கார்ந்து சுவர் முழுவதும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை அதன் மேல் வைத்தபடியே பதில் தட்டினேன்.

"காலையிலிருந்து ஒரே கத்தல். எதுவும் சாப்பிடவில்லை."

"ஐயோ. காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லை. இந்தப் பருவத்தில் இப்படித்தான். ஊசி போட்டால் சரியாகிவிடும்."

"விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கலாமே?"

"தேவையில்லை. கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறோம்."

சற்று நேரம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பிறகு, "கட்டிப் போட்டா?" என்று வந்தது. "ஆமாம், இல்லாவிட்டால் வேலியைத் தாண்டி வாய்க்கால் பக்கம் ஓடிவிடும். மாமா ஒரு குச்சியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்" என்று அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று விளக்கமாக எழுதினேன். அவர் எதையோ தட்டுவதும் அழிப்பதும் தெரிந்தது. அதற்குள் மோட்டார் கூப்பிட்டுவிட்டது.

மூன்றரைக் கூட்டத்தில் என் பகுதியை முதலிலேயே பேசி முடித்துவிட்டு, வாளியோடு கட்டுத்தறிக்கு ஓடினேன். ஊசி போடுகிறவர் சொன்னதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, இருசக்கர வாகனத்தின் பின்னாலிருந்து திரவ நைட்ரஜன் குடுவையை இறக்கிக்கொண்டிருந்தார். மைனஸ் 196 டிகிரி குளிரில் உறைந்திருக்கும், காளையின் விந்து அடைத்த மெல்லிய குச்சியை அதிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான நீரில் போடும்போது புகை எழும்பும். எத்தனை முறை கண்டிருந்தாலும் பிள்ளைகளுக்கு அது மந்திரக் காட்சிதான். பள்ளியிலிருந்து வந்த மகன் பையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றான். செல்வியின் தலைக்கயிற்றை நான் பிடித்துக்கொள்ள, ஊசி போடுகிறவர் தோள்வரை உறை மாட்டிக்கொண்ட நேரத்தில் திண்ணையில் வைத்திருந்த என் கைப்பேசி ஒலித்தது. அது மோட்டாராகத்தான் இருக்கும் என்று நினைத்து, எடுத்துக் கேட்கும்படி மகனிடம் சொன்னேன்.

மோட்டார் இல்லை, மேலாளர். ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டே மகன் அருகில் வந்தான்.

"தம்பி, நான் அம்மாவோட ஆபீசிலிருந்து பேசுறேன். செல்வி எப்படிப்பா இருக்கு?"

"இப்பத்தானுங்க ஊசி போடறாங்க. அம்மா தலையைப் பிடிச்சிருக்காங்க, தாத்தா வாலைப் பிடிச்சிருக்காருங்க."

மறுமுனையில் பேச்சு நின்றுவிட்டது. செல்வி அந்த நேரம் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. அதைக் கேட்ட பிறகு எந்த மேலாளருக்கும் ஐயம் இருந்திருக்க வாய்ப்பில்லை. முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டுதான் கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டதாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஆளை விசாரிக்காமல் முடிவு கட்டாத மனிதர் என்பதால் அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை கூடிப்போயிற்று. பால் சங்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாக இன்னும் சிறிது நேரம் இருந்தது. கொழுப்பு அளவைச் சீட்டில் படித்த மகன், நேற்றைவிடப் புள்ளிக்குப் பின்னால் குறைந்திருக்கிறது என்று வருத்தப்பட்டான். தசம எண்களை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளி அல்ல, அந்தச் சீட்டுதான்.

மறுநாளே நாட்காட்டிக் குறிப்பு கதை முழுவதும் கூட்டத்தில் சொல்லப்பட்டு, இங்கிலாந்துக்காரர்களுக்கு மொழிபெயர்க்கவும் பட்டது. அவர்களில் ஒருவர் டெவன் மாவட்டத்துப் பால் பண்ணையில் பிறந்து வளர்ந்தவராம். கறக்கும் நேரத்தில் கூட்டம் வைப்பது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அவர்தான் வாதாடினார். கூட்டம் ஒரு மணி நேரம் முன்னதாக, பழையபடி இரண்டரைக்கே வந்துவிட்டது. நான் மாதக் கணக்கில் கெஞ்சியிருந்தாலும் இது நடந்திருக்காது என்பதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு.

இருபத்தோராம் நாள் செல்வி கத்தவில்லை. மூன்று மாதம் கழித்துக் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்து, சினை நின்றிருப்பதை உறுதி செய்தார். மாடு சுமப்பது ஏறத்தாழ 280 நாட்கள் என்பதால் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஈனும் என்று கூட்டத்தில் அறிவித்தேன். டெவன்காரர் கை தட்டினார். மேலாளர் தம் நாட்காட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மென்பொருளின் அடுத்த வெளியீடும் சரியாக அதே வாரம்தான் என்றார். வாய்க்காலில் முதல் போகத் தண்ணீர் திறப்பதும் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித்தான் என்று மாமா இங்கிருந்து நினைவூட்டினார். வெளியீட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று மேலாளர் மேலிடத்தில் கேட்டிருக்கிறார்.