ரத்த பேதியிலேர்ந்து மூணு எழுத்து வரைக்கும்: என் பார்வோ தீசிஸ் பட்ட பாடு

எம்விஎஸ்சில (கால்நடை மருத்துவத்துல மேல்படிப்பு) டாபிக் குடுக்கும்போது கைடு சார் கேட்ட முதல் கேள்வியே "உனக்கு மூக்கு தாங்குமாம்மா?"ன்னுதான். அப்ப சிரிச்சுட்டு வந்துட்டேன். பார்வோங்கற வைரஸ் வந்த நாய்க்குட்டியோட ரத்த பேதிய ஒரு தடவ மோந்துட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது, ஓபில (வெளிநோயாளி பிரிவு) கதவத் தொறக்கும்போதே இது அதுதான்னு சொல்லிடலாம்னு சீனியருங்க பீத்திப்பாங்க. ஆனா கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தமா போகும், கொரோனா வைரஸ் (நமக்கு வந்தது இல்ல, நாய்க்குன்னே தனியா ஒண்ணு இருக்கு) வந்தாலும் பேதி போகும், அதனால மூக்க நம்பி தீசிஸ் எழுத முடியாதே. பிசிஆர் (வைரஸோட டிஎன்ஏ துண்ட பல மடங்கு பெருக்கிப் பாக்குற டெஸ்ட்) போட்டு உறுதி பண்ணி, அது எந்த வகை பார்வோன்னு ஜீன படிச்சு சொல்லணும், அதான் என் வேலை.

சாம்பிள் எடுக்கறது சுலபம். மலவாய்ல ஒரு ஸ்வாப் (பஞ்சு சுத்தின குச்சி) விட்டு சுத்தி எடுத்து பஃபர் ஊத்தின சின்ன ட்யூப்ல முக்கி, நம்பர் எழுதி, ஐஸ் பாக்ஸ்ல போட்டுட்டா முடிஞ்சது. கஷ்டம் எங்கன்னா ஓனருங்ககிட்ட பேசுறதுதான். தடுப்பூசி போட்டீங்களா, என்னிக்குப் போட்டீங்கன்னு கேட்டா பாதி பேரு "ஏதோ ஒரு ஊசி போட்டாங்க"ம்பாங்க. அந்த தேதி எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா பார்வோ ஊசில இருக்கறது வீரியம் கொறைச்ச உயிருள்ள வைரஸ், ஊசி போட்ட கொஞ்ச நாளைக்கு அதுவும் மலத்துல வெளிய வரும், பிசிஆருக்கு ஊசி வைரஸ் எது தெரு வைரஸ் எதுன்னு தெரியாது, ரெண்டுக்கும் பேண்ட் (ஜெல்ல பாசிட்டிவ்னு தெரியுற கோடு) காட்டிடும். அதனால சமீபத்துல ஊசி போட்ட குட்டிய எல்லாம் தள்ளி வச்சுட்டேன்.

17ம் நம்பர் சாம்பிள் ஒரு ஆட்டோ ஓட்டுற அண்ணனோட குட்டி. நாட்டு நாய், ரெண்டரை மாசம், ஊசி எதுவும் போடல, ரெண்டு நாளா தயிர் சாதமும் வசம்பும் குடுத்து பாத்துட்டு மூணாவது நாள் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தாரு. நான் ஸ்வாப் எடுக்கறத பாத்துட்டு "இத டெஸ்ட் பண்ணா பொழைச்சுக்குமா டாக்டர்மா?"ன்னாரு. இது படிப்புக்குண்ணா, குட்டிக்கு டிரிப்ஸ் உள்ள போட்டுட்டு இருக்காங்கன்னு சொன்னேன். எந்த வகை பார்வோவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான், டிரிப்ஸ், வாந்தி நிக்க மருந்து, வேற கிருமி ஏறாம இருக்க ஆன்டிபயாடிக். இந்த வைரஸுக்கு வேகமா பிரியுற செல்லுதான் வேணும், அதனால குடல் சுவர புதுப்பிக்கிற செல்லையும் எலும்பு மஜ்ஜையையும் போட்டு அடிக்கும், ஒரு பக்கம் குடல் உரிஞ்சு போகும், இன்னொரு பக்கம் வெள்ளணு படுத்துடும். அந்த குட்டிக்கு வெள்ளணு பாத்துட்டு உள்ள இருந்த டாக்டர் ஒண்ணும் சொல்லல, என்னைப் பாத்து தலைய மட்டும் ஆட்டினாரு. மறுநாள் காலைல போயிடுச்சு. அந்த அண்ணன் போகும்போது என் நம்பர வாங்கிட்டுப் போனாரு, ரிசல்ட் வந்தா சொல்லுங்கன்னு.

சரி லேப் கதைக்கு வருவோம். பார்வோ டிஎன்ஏ வைரஸ், அதோட டிஎன்ஏ மொத்தமே 5,200 எழுத்து (ஏ, டி, ஜி, சின்னு நாலு எழுத்துலதான் எழுதியிருக்கும்) சொச்சம்தான், அதனால பெருசா கிட் எல்லாம் வேணாம், ஸ்வாப் தண்ணிய 10 நிமிஷம் கொதிக்க வச்சு சட்டுனு ஐஸ்ல வச்சு சுத்திட்டு மேல இருக்கற தெளிவ எடுத்து பிசிஆர் போடலாம்னு சீனியர் சொல்லிக் குடுத்தாங்க. போட்டேன். ஒண்ணுமே வரல. கண்ணெதிர்ல ரத்தமா போன குட்டிங்க எல்லாம் நெகட்டிவ். ரெண்டு வாரம் பிரைமர (பெருக்க வேண்டிய துண்டோட ரெண்டு ஓரத்தையும் பிடிக்கிற குட்டி டிஎன்ஏ) திட்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா மலத்துல இருக்கற பித்த உப்பு, ரத்தத்துல இருக்கற ஹீம், இதெல்லாம் பிசிஆர்ல டிஎன்ஏவ நகலெடுக்கற என்சைம வேலை செய்ய விடாம கட்டிப் போட்டுடுதாம். லேப் அக்கா வந்து "பத்து மடங்கு தண்ணி ஊத்திப் போடு பாப்பா"ன்னாங்க. குறைச்சா எப்படி வரும்னு மனசுக்குள்ள நக்கலா நெனச்சுக்கிட்டே போட்டேன், ஜெல்ல யூவி லைட்ல வச்சா வரிசையா 583 எழுத்து நீளத்துல பளிச்சுனு பேண்ட், தண்ணி ஊத்தினதுல அந்தக் கட்டிப் போடுறதெல்லாம் நீர்த்துப் போயிருக்கு. அக்காவுக்கு அன்னிக்கு டீ, பஜ்ஜி எல்லாம் என் செலவு.

அந்த சந்தோஷம் ஒரு மாசம்கூட நிக்கல. ஒரு நாள் ஜெல்ல பாக்குறேன், கடைசி லேன்ல, வெறும் தண்ணி போட்ட நெகட்டிவ் கன்ட்ரோல்ல, அதே 583ல மங்கலா ஒரு கோடு. கண்ணாடிய தொடச்சுட்டு பாத்தேன், இருந்துச்சு. தண்ணிக்கு பார்வோ! சார்கிட்ட காட்டாம மறுநாள் திரும்பப் போட்டேன், இந்த தடவ இன்னும் அழுத்தமா. விஷயம் என்னன்னா பிசிஆர் முடிஞ்ச ட்யூப்ல அந்தத் துண்டு கோடிக்கணக்குல பெருகி இருக்கும், அந்த மூடிய நான் மாஸ்டர் மிக்ஸ் (அடுத்த பிசிஆருக்கான கலவை) கலக்குற அதே மேசைலயே தொறந்து, அதே பைப்பெட்ல ஜெல்லுக்கு ஏத்திட்டு இருந்தேன். அவசரம், வேறென்ன. மேசை, பைப்பெட், தண்ணி, எல்லாத்துலயும் பரவிடுச்சு. பிரைமர் தண்ணி பஃபர் மொத்தமும் தூக்கிப் போட்டு, மேசைய பிளீச்ல தொடச்சு, கலக்குறதுக்குன்னு பழைய ஸ்டோர் ரூம காலி பண்ணி வாங்கி, அந்த ஒரு மாசத்துல போட்டதெல்லாம் முதல்லேர்ந்து போட்டேன். பாசிட்டிவ்னு எழுதி வச்சிருந்ததுல சிலது அப்புறம் நெகட்டிவ் ஆச்சு. அத நோட்டுல அடிச்சுட்டு எழுதும்போது வயித்தெரிச்சலா இருந்துச்சு, ஆனா அந்தக் கோட பாக்காம விட்டிருந்தா அத்தனையும் தப்பாவே தீசிஸ்ல போயிருக்கும்.

கொரோனா பக்கம் கதை சின்னது. அது ஆர்என்ஏ, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் (ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்துறது) பண்ணித்தான் பிசிஆர் போடணும், ஆர்என்ஏவோ அப்பளம் மாதிரி, கொஞ்சம் விட்டா நொறுங்கிடும். ஐஸ் உருகி வந்த பழைய சாம்பிள்ல ஒண்ணும் தேறல. நல்லா இருந்த ஒண்ணு ரெண்டுல பார்வோவோட சேந்தே இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணா வந்தா பேதி மோசமா இருக்கும்னு படிச்சிருக்கோம்ல.

இப்ப ஜீன் விஷயம். நாய்க்கு பார்வோ உலகம் முழுக்க பரவினது 1978ல, பூனைக்கு வர்ற பான்லுக்கோபீனியா வைரஸுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். மெட்ராஸ்லயே 80கள் ஆரம்பத்துல பதிவாகியிருக்கு. முதல்ல வந்த வகை ரெண்டு மூணு வருஷத்துலயே காணாம போய் 2ஏ வந்துச்சு, அப்புறம் 2பி, 2000த்துல இத்தாலில 2சி. இதுல 2ஏ, 2பி, 2சி மூணுக்கும் வித்தியாசம் பாக்கறது வைரஸோட வெளி ஓட்டுல இருக்கற புரதம் விபி2ல 426வது இடத்துல இருக்கற ஒரே ஒரு அமினோ அமிலத்த வச்சுதான். அந்த அமினோ அமிலத்துக்கான மூணு எழுத்து ஏ ஏ டின்னு இருந்தா 2ஏ, ஜி ஏ டி இருந்தா 2பி, ஜி ஏ ஏ இருந்தா 2சி. இவ்ளோ பெரிய பேதிய மூணு எழுத்துல பிரிக்கிறாங்க பாருங்க.

நான் என்ன பண்ணேன், காச மிச்சம் பிடிக்கிறேன்னு ஃபார்வர்ட் பிரைமர் (துண்டோட முன் ஓரம்) பக்கத்துலேர்ந்து மட்டும் சீக்வென்ஸ் பண்ண (எழுத்தெழுத்தா படிக்க) வெளிய அனுப்பினேன். ஸ்டைபண்டே பாதி நாள் லேட்டா வரும், ரெண்டு பக்கமும் படிக்க டபுள் செலவு. ஃபைல் வந்துச்சு, தொறந்தா நாலு கலர்ல அலை அலையா அழகா போகுது, ஆனா ஆரம்பத்துல மட்டும் குப்ப குப்பயா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கெடக்கு. சாங்கர்ங்கற இந்தப் படிக்கிற முறைல முதல் 30, 40 எழுத்து அப்படித்தான் வரும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு உறைக்காம போனது, அந்த 426 நான் போட்ட பிரைமர் முடிஞ்சு சரியா 40 எழுத்து தள்ளிதான் இருக்குங்கறது. நான் தேடுற எழுத்து அந்தக் குப்பைக்குள்ளயே! மீதி 500 எழுத்தும் கண்ணாடி மாதிரி இருக்கு, ஒண்ணுக்கும் உதவல. சார் ஸ்கிரீன பாத்துட்டு "கஞ்சத்தனமா?"ன்னு மட்டும் கேட்டாரு. ரிவர்ஸ் பிரைமர் பக்கத்துலேர்ந்து திரும்ப அனுப்பினேன், அம்மாகிட்ட கடன் வாங்கி.

காத்திருந்த நேரத்துல எம்போ2ன்னு ஒரு கத்திரி என்சைம போட்டுப் பாத்தேன், அது 2சிய மட்டும் வெட்டும், 583 துண்டு 500, 80னு ரெண்டா விழும். 17ம் நம்பர் அப்படி ரெண்டா விழுந்துச்சு. ரிவர்ஸ் சீக்வென்ஸ் வந்தப்ப 17ம் நம்பர் ஃபைலதான் முதல்ல தொறந்தேன், தலைகீழா வந்தத திருப்பிப் போட்டு, எழுத்தெழுத்தா எண்ணிட்டு போனா ஜி, ஏ, ஏ. மூணும் தனித்தனியா, தெளிவா, ஊசி மாதிரி நின்னுச்சு. பிளாஸ்ட்ல மத்த வைரஸ் ஜீனோட ஒப்பிட்டு, மெகால உறவு மரம் போட்டு, ஜென்பேங்க்ங்கற பொது சேமிப்புல ஏத்தினதெல்லாம் உக்காந்து செய்யுற வேலை, சொன்னா போரடிக்கும்.

அந்த அண்ணனுக்கு போன் பண்ணேன், ஏழெட்டு மாசம் ஆயிருந்துச்சு. 2சின்னு ஒரு வகைண்ணா, வைத்தியம் மாறியிருக்காதுன்னு இழுத்தேன். அவரு "அத்த வுடுங்க டாக்டர்மா, வேற குட்டி எடுக்கலாமா, அது வூட்ல இன்னும் இருக்குமா?"ன்னாரு. என் தீசிஸ்ல எங்கயும் இல்லாத கேள்வி. மண்ணுல மாசக்கணக்குல, வருஷம்கூட இருக்கும்ணா, ஃபினாயில், டெட்டாலுக்கெல்லாம் அசையாது, முதல்ல நல்லா கழுவிட்டு, 30 பங்கு தண்ணிக்கு 1 பங்கு பிளீச் ஊத்தி 10 நிமிஷம் ஊற விட்டுத் துடைங்க, குட்டிக்கு ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, ஊசிங்க முடியுற வரைக்கும் தெருவுல விடாதீங்கன்னு சொன்னேன்.

அடுத்த மாசம் ஓபில நின்னுட்டு இருக்கேன், ஒரு பிளாஸ்டிக் கூடையோட வர்றாரு, உள்ள செவல குட்டி ஒண்ணு. என் கைல வேற ஒரு நாய்க்கு எடுக்க வச்சிருந்த ஸ்வாப் இருந்துச்சு, அத பாத்ததும் "அதெல்லாம் வேணாம்மா, ஊசி மட்டும் போடுங்க"ன்னு கூடைய பின்னாடி இழுத்துக்கிட்டாரு.