கயாவில் விட்டுவந்த கத்தரிக்காய்

அம்மாவுக்குப் பதினாறு பிண்டம் என்று வாத்தியார் சொன்னபோது எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் காதில் விழுந்தது. வைக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு பிண்டமும் அவள் பட்ட ஒரு பாட்டுக்கு. வயிற்றுக்குள் நான் உதைத்ததற்கு ஒன்று. பிரசவ வலிக்கு ஒன்று. எனக்காகப் பத்தியம் இருந்ததற்கு ஒன்று. நான் நனைத்த ஈரத்துணியில் இரவெல்லாம் அவள் படுத்துக் கிடந்ததற்கு ஒன்று. வாத்தியார் சுலோகம் சொல்லி, தமிழில் பொருளும் சொல்லிக்கொண்டே போனார். ஏழாவதோ எட்டாவதோ வைக்கும்போது எள் ஒட்டிய விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாத்ரு ஷோடசி என்று இதற்குப் பெயர். எத்தனையோ சடங்குகளில் மந்திரம் புரியாமல் தலையாட்டியிருக்கிறேன், இதில் முடியவில்லை.

பல்குனி நதியில் மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தசரதருக்குச் சீதை மணலால் பிண்டம் வைத்தாளாம். ராமன் கேட்டபோது நதி பொய்சாட்சி சொன்னதாம். அதனால் வந்த சாபமாம். இப்போது, 2022இல் திறந்த ரப்பர் அணையின் புண்ணியத்தில், படித்துறையில் தண்ணீர் நிற்கிறது. சாபத்துக்கு நீர்வளத்துறை பரிகாரம் செய்துவிட்டது.

அகல்யாபாய் ஹோல்கர் 1787இல் எடுத்துக் கட்டிய விஷ்ணுபாதக் கோயிலில் கூட்டம் நெரிந்தது. கருங்கல்லில் பதிந்த பாதத்தின் மேல் பிண்டமும் பாலும் துளசியுமாகக் குவிந்திருக்க, கையை நுழைத்துத் தொட்டுக்கொண்டதுதான் தரிசனம்.

கடைசியாக அட்சய வடம். சீதை பிண்டம் வைத்த கதையில் உண்மை சொன்ன ஒரே சாட்சி அந்த ஆலமரம் என்பார்கள். அதனடியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை ஆகியவற்றை ஆயுளுக்கும் விட்டுவிட வேண்டும். பலரும் பிடிக்காத பாகற்காயை விட்டுப் பெருமாளை ஏமாற்றுவது வழக்கம். நானும் அந்த எண்ணத்தோடுதான் போயிருந்தேன். பதினாறு பிண்டம் வைத்த கையோடு வாய் வரவில்லை. கத்தரிக்காயை விட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாலையில் ஆட்டோ பிடித்து புத்தகயா போனோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மகாபோதி கோயிலின் பின்புறம், புத்தர் ஞானம் பெற்ற இடமான வஜ்ராசனத்துக்கு மேல் கிளை விரித்து நிற்கிறது அரசமரம். ஒரு திபெத்தியப் பிக்கு மரப்பலகையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார். உள்ளங்கைப் பட்டைகள் பலகையில் சர்ர்ரென்று தேய்ந்தன. மேலிருந்து ஓர் இலை உதிர்ந்ததும் பற்றறுக்க வந்த பத்துப் பேரும் பாய்ந்தோம். எனக்குக் கிடைக்கவில்லை.

நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது புத்தர் வாக்கு. அப்படியானால் காலையில் நான் யாருக்குச் சோறு வைத்தேன்? இந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தபோது, வெள்ளுடை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள் சிலர் எதிரே வட்டமாக அமர்ந்தார்கள். பிக்கு பாலியில் ஓத, ஓர் அம்மாள் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் மெல்ல நீர் வார்த்தார். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிந்தது, அவர் நிறுத்தவில்லை. நிரம்பிய ஆறுகள் கடலை நிறைப்பதுபோல இங்கே கொடுப்பது இறந்தவர்களைச் சென்றடையட்டும் என்பது அந்தப் பாலி வரிகளின் பொருள். செய்த புண்ணியத்தை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஆன்மாவை ஒப்பாதவர்களுக்கும் அம்மா இருக்கிறாளே. என் விரலிடுக்கில் காலை எள் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.

வெளியே வந்தபோது நல்ல பசி. தெருவோரக் கடையில் லிட்டி, அதாவது கடலைமாவு அடைத்த கோதுமை உருண்டை, சுட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ளச் சோக்கா, தணலில் சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துப் பூண்டும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது. வாசனை தெருமுனைவரை வந்தது. மனைவி தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நான் லிட்டியை ஊறுகாயோடு தின்றேன்.