600 மி.மீ.யில் ஒருவழியாகப் பறவையின் கண் ஷார்ப்பாக விழுந்தது

லாங்வுட் சோலையில் எடுத்த நீலகிரிச் சிரிப்பான் பறவையின் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெண்புருவத்தில் இழை இழையாகத் தெரிகிறது. அதே 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், அதே கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா. போன சீசன் முழுக்க இந்த ஜோடி கொடுத்ததெல்லாம் சாஃப்ட்டான படங்கள்தான்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் காட்டியபோது, "டெலிஜூம்னா 600ல இப்படித்தான் சார் இருக்கும், எஃப் 8ல வெச்சு எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சுருங்கி வெளிச்சம் குறையும். சோலைக்குள் எஃப் 6.3 வைத்தாலே ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200-ஐத் தாண்டுகிறது. எஃப் 8-க்கு வெளிச்சத்துக்கு எங்கே போவது? அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

பழைய படங்களை வரிசையாகப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. சிலவற்றில் கண் மங்கல், ஆனால் வாலோ பின்னால் இருக்கும் பாசி பிடித்த கிளையோ நறுக்கென்று இருக்கிறது. மற்றவற்றில் ஃபிரேமில் எங்குமே ஷார்ப்பான இடம் இல்லை. முதல் வகையில் ஃபோகஸ் பின்னால் விழுகிறது. இரண்டாவதற்குக் காரணம் கை அசைவு, இல்லையென்றால் சூட்டில் கலங்கும் காற்று. இந்த இரண்டையும் பிரிக்காமல் எதை மாற்றினாலும் பலன் தெரியாது.

முதல் வகைக்கு ஏஎஃப் ஃபைன் டியூன், அதாவது ஆட்டோஃபோகஸ் விழும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் கேமரா மெனு வசதி. 600 மி.மீ., எஃப் 6.3, 10 மீட்டர் தூரம் என்றால் கிராப் சென்சாரில் ஃபோகஸ் ஆழம் (ஷார்ப்பாகத் தெரியும் தூர அளவு) மொத்தமே ஆறேழு சென்டிமீட்டர்தான். நாலு சென்டிமீட்டர் பின்னால் போனாலே கண் போய்விடும். கோத்தகிரி வீட்டு வராந்தாவில், மூடுபனி விலகிய ஒரு மேகமூட்டமான மதியம், டிரைபாட் போட்டு உட்கார்ந்தேன். அட்டைப் பெட்டியில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை ஒட்டி நேராக நிறுத்தினேன். பக்கத்தில் தையல் டேப்பைச் சாய்வாக, 30 என்ற எண் அட்டையின் தளத்துக்கு நேராக வரும்படி வைத்தேன். ஸ்டெபிலைசரை அணைத்து, டைமரில் கிளிக். லைவ் வியூவில் எடுத்தால் 30 பளிச். வியூஃபைண்டரில் எடுத்தால் 34 பளிச். லைவ் வியூ சென்சாரில் விழும் படத்தை வைத்தே ஃபோகஸ் செய்கிறது, வியூஃபைண்டரில் அந்த வேலையைத் தனி ஏஎஃப் சென்சார் செய்கிறது. தவறுவது அந்த இரண்டாவது வழிதான், லென்ஸின் கண்ணாடியில் குறையே இல்லை!

பின்னால் விழுவதால் மைனஸ் பக்கம் போக வேண்டும். ஐந்து ஐந்தாக இறங்கி, பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துவிட வேண்டும். ஒருமுறை இன்ஃபினிட்டி பக்கம், அடுத்த முறை கிட்டத்துப் பக்கம். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது நிற்கும் இடம் கொஞ்சம் மாறுகிறது. அதனால் ஒரு நல்ல படத்தை நம்பாமல், ஒரே மதிப்பில் பல படங்கள் எடுத்து, எண் எங்கே அதிகமாகக் குவிகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மைனஸ் 9-ல் நின்றது. 300 மி.மீ.யில் வேறு மதிப்பு கேட்கிறது, ஆனால் என் கேமரா ஒரு லென்ஸுக்கு ஒரே மதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும். பறவைக்கு எப்போதும் 600-தானே, அதற்கே விட்டுவிட்டேன்.

இரண்டாவது வகையில் ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்கு ஏற்றியதும் பாதி சரியானது. மீதி காற்றுதான். ஜனவரிக் குளிரில், ஹீட்டர் போட்ட காரின் ஜன்னலை இறக்கி உடனே எடுத்தால், உள்ளிருக்கும் சூடான காற்று லென்ஸுக்கு முன்னாலேயே கலங்குகிறது. லைவ் வியூவைப் பெரிதாக்கினால் இலை விளிம்பு நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்போதெல்லாம் ஹீட்டரே போடுவதில்லை. கேமராவையும் முன்கூட்டியே வெளியே வைத்து ஆறவிடுகிறேன். வெயில் ஏறிய தேயிலைச் சரிவுக்கு மேலாக, தூரத்தில் இருப்பதை எடுக்க முயல்வதே வீண். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது.

லென்ஸ் முன்னால் மாட்டியிருந்த மலிவு விலை யூவி ஃபில்டரையும் கழற்றிவிட்டேன். நல்ல 95 மி.மீ. ஃபில்டர் விலைக்கு ஜிம்பல் ஹெட்டுக்கு (கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கி எளிதாகத் திருப்ப உதவும் டிரைபாட் தலை) பணம் சேர்க்கலாம். யாராவது செகண்ட் ஹேண்டில் விற்றால் சொல்லுங்கள், கோயம்புத்தூர் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பறக்கும் பறவையில் இந்த மைனஸ் 9 தாங்குமா என்பதை இன்னும் சோதிக்கவில்லை. அதற்குள் மனசு அவலாஞ்சி புல்வெளிக்குப் போய்விட்டது, நீலகிரி நெட்டைக்காலிக்காக. அது தரையில் நடக்கிற பறவை, புல் நுனியெல்லாம் ஃபோகஸைப் பிடித்து இழுக்கும். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைக்கும் சிங்கிள் பாயிண்டில்தான் எடுக்கப் போகிறேன்.