நீ, நீர், நீங்கள்

மகனுக்குப் போன மாசம் 18 வயசு முடிஞ்சுது. ஏதோ அலர்ஜிக்கு டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன், அவ என்னைப் பாத்துத் தலையாட்டிப்போட்டு பிறகு முழுக்க அவனோடதான் கதைச்சவ, நான் நடுவில வாய் திறக்க "அவரே சொல்லட்டும்" எண்டு மெதுவாச் சொன்னா. எனக்குக் கோவம் வரேல்லை. காருக்குள்ள வந்து இருந்தாப்பிறகு, என்னை எப்ப முதல்ல இப்பிடிப் பெரிய ஆளா மதிச்சவை எண்டு யோசிச்சன். சங்கம் போடுற மலர்ப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் அண்ணை ரெண்டு மாசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சரி அதையே எழுதுறன்.

சட்டப்படி பாத்தா எங்கட இலங்கையிலயும் பெரிய ஆளாகிற வயசு 18தான், 1989இல 21ஐ மாத்தி 18 ஆக்கினவை. ஆனா 1996 தை மாசம் எனக்கு 18 ஆன அண்டைக்கு நாங்கள் சண்டையில இடம்பெயர்ந்து, கொடிகாமத்தில ஆரோ ஒராளின்ர தென்னங்காணிக்குள்ள ஒரு கிடுகுக் கொட்டில்ல இருந்தனாங்கள், அம்மாவுக்கே அந்த நாள் ஞாபகம் வரேல்லை. ஊர்ல பெட்டையள் வயசுக்கு வந்தா சாமத்திய வீடு வைச்சு ஊருக்கே சொல்லுவினம், பெடியனுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. மிஞ்சிமிஞ்சிப் போனா ஓ.எல். (பதினொராம் வகுப்புச் சோதனை) வரைக்கும் போட்ட நீலக் கட்டைக் களிசானை விட்டிட்டு அதுக்கு மேல ஏ.எல். வகுப்பில வெள்ளை நீட்டுக் களிசான் போடுறது. அதை முதல்முதலாப் போட்ட அண்டைக்குக் காலமை கொக்குவில்ல இருந்து சைக்கிள் உழக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகேக்க நான் பெரிய ஆள் எண்டுதான் நினைச்சனான். எங்கட கெமிஸ்ட்ரி சேர் வகுப்புக்குள்ள வந்த உடன "டேய், நீ போய் சோக் எடுத்துக்கொண்டு வா" எண்டார், அவ்வளவுதான்.

அந்தச் சேரைத் தெரியாத ஆக்கள் எங்கட வயசில இருக்கேலாது. 1990இல இருந்து கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விக்கிற விலையில ஜாம் போத்தல் விளக்கிலதான் படிப்பு, பொம்மர் (குண்டு போடுற பிளேன்) சத்தம் கேட்டா பங்கருக்குள்ள, சத்தம் போனாப்பிறகு விட்ட வசனத்தில இருந்து திரும்பத் தொடங்குவார். ஒரு நாளும் பாடம் குறைஞ்சதில்லை. பெடியள் எல்லாருக்கும் "டேய்"தான், "நீ"தான். எங்கட யாழ்ப்பாணத் தமிழ்ல "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில "நீர்" எண்டு ஒண்டு இருக்கு எல்லோ, வேற இடத்து ஆக்களுக்கு அது புத்தகத்தில வாற சொல்லு மாதிரி, எங்களுக்கு அது தினமும் கதைக்கிறது. உன்னை நான் ஒரு ஆளா மதிக்கிறன், ஆனா நீ எனக்கு இளமைதான் எண்டு ஒரு சொல்லுக்குள்ள சொல்லுறது. சேர் எங்கள் ஒருத்தருக்கும் அதைத் தந்ததில்லை.

1995 ஐப்பசி 30. அப்பா கொழும்பில வேலை, பாதை பூட்டு, கடிதம் வரக் கிழமைக்கணக்கில செல்லும். வீட்டில அம்மா, அம்மம்மா, 11 வயசுத் தங்கச்சி, நான். ஆமி (ராணுவம்) கிட்ட வர, பின்னேரம் இயக்கம் (புலிகள்) ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, யாழ்ப்பாண நகரும் எங்கட கொக்குவிலும் இருக்கிற வலிகாமத்தில இருந்து எல்லாரும் கிழக்க தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிடச் சொல்லி அறிவிச்சவை. அம்மா முத்தத்தில நிண்டு என்ர முகத்தைப் பாத்து "என்னடா செய்வம்?" எண்டா. அதுவரைக்கும் அம்மா என்னட்ட "என்ன சாப்பிடுறாய்" எண்டு கேட்டிருப்பா, "என்ன செய்வம்" எண்டு கேட்டதில்லை. நான் அப்பாவின்ர சைக்கிளைப் பாத்தன். கரியர் ஒண்டுதான். அம்மம்மாவால நடக்கேலாது. அதில என்ர நோட்ஸ் பெட்டி கட்டி வைச்சிருந்தனான், ஒண்டரை வருசமாப் பள்ளிக்கூடத்திலயும் டியூட்டரியிலயும் எழுதினது, கெமிஸ்ட்ரி மட்டும் 4 சீஆர் கொப்பி. கயிறை அவிட்டு பெட்டியை பொலித்தீன் பையால சுத்தி கூரைக்குக் கீழ வளை மரத்தில ஏத்தி வைச்சன். பிறகு ஒரு தலகாணியை கரியர்ல கட்டி அம்மம்மாவை இருத்தினன். காணி உறுதி, பிறப்புச் சாட்டிபிக்கற், அரிசி, ஒரு சருவச்சட்டி எல்லாம் ஹாண்டில்ல தொங்கினது.

செம்மணி றோட்டால நாவற்குழிப் பாலத்துக்குப் போற சனத்தை நான் சொல்லி விளங்கப்படுத்தேலாது, அதுக்குள்ள நடந்த ஆக்கள் இதை வாசிப்பியள், உங்களுக்குத் தெரியும். லட்சக்கணக்கான சனம் ஒரு இரவில அந்த ரெண்டு மூண்டு றோட்டால, மழை வேற, ஒரு அடி வைச்சா பத்து நிமிசம் நிக்க வேணும், சைக்கிள், மாட்டுவண்டில், லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்), ஆஸ்பத்திரியில இருந்து வந்த நோயாளிகள், கைக்குழந்தையள். ரெண்டு பக்கமும் கடல்தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்லை. அம்மம்மா தண்ணி தண்ணி எண்டு கேக்க, தங்கச்சி குடையை விரிச்சுக் கவிட்டுப் பிடிச்சு மழைத்தண்ணியை ஏந்தினவள், அதை அம்மம்மாவின்ர வெத்திலைத் தட்டத்தில ஊத்திக் குடுத்தம்.

பாலத்துக்குக் கிட்டத்தான் சேரைக் கண்டன். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, ஒரு கையில சைக்கிள், மற்றக் கையில சின்ன மகள், சேரின்ர மனுசிக்குக் கால் ஏலாமல் அவவும் அவரைப் பிடிச்சுக்கொண்டு. சைக்கிள் சங்கிலி அறுந்துபோச்சு. அவர் என்னை ஒரு நிமிசம் பாத்தார். "தம்பி, நீர் இந்தப் பிள்ளையை ஒருக்கா வாங்கும், நான் சங்கிலியைப் பாக்கிறன்."

நீர். வாங்கும்.

அந்தச் சனத்துக்குள்ள எனக்கு அது கேட்டது. பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டன், நனைஞ்ச சட்டைக்குள்ளால அதின்ர சூடு தெரிஞ்சுது, நித்திரையில என்ர கழுத்தை இறுக்கிப் பிடிச்சிருந்தது. விடியும்வரைக்கும் அந்தப் பிள்ளையை நான்தான் வைச்சிருந்தனான், அம்மா சைக்கிளைத் தள்ளினா. கைதடி வர நல்லா விடிஞ்சிட்டுது.

கொடிகாமத்தில நிவாரணம் பதியப் போனதும் நான்தான். விதானையார் (கிராம அலுவலர்) "அப்பா எங்க?" எண்டு கேட்டார், "கொழும்பில" எண்டன், போமைத் திருப்பி "அப்ப நீர் கையெழுத்து வையும்" எண்டார். அந்தக் கையெழுத்துக்குத்தான் மாவும் சீனியும் பருப்பும் வந்தது. விறகு, தண்ணி, அம்மம்மாவுக்கு மருந்து, தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் ஓடித்திரிஞ்சனான். சேர் பக்கத்துக் காணியில மாமரத்துக்குக் கீழ ஒரு போர்டைச் சாத்தி வகுப்புத் தொடங்கினார், காசு வாங்கேல்லை. நோட்ஸ் இல்லாமல் தன்ர ஞாபகத்தில இருந்தே எல்லாத்தையும் திரும்பச் சொன்னவர். அதை நினைக்க எனக்கு இண்டைக்கும் கண் கலங்கும், அந்த மனுசனுக்கு நாங்கள் எல்லாரும் கடமைப்பட்டிருக்கிறம்.

1996 சித்திரையில ஆமி தென்மராட்சிக்குள்ளயும் வர, ரெண்டு வழிதான், கிளாலியால வள்ளத்தில கடல் கடந்து வன்னிக்குப் போறது இல்லாட்டித் திரும்பி வலிகாமம் போறது. சேர் கொட்டில் வாசலுக்கு வந்தார். அம்மாவும் நிண்டவ, ஆனா என்னைப் பாத்துத்தான் கேட்டவர், "நீங்கள் என்ன செய்யப்போறியள்?" குடும்பத்தைச் சேத்துக் கேட்டாரோ என்னைத்தான் கேட்டாரோ எண்டு இவ்வளவு வருசம் யோசிச்சிருக்கிறன். அம்மம்மா வள்ளத்தில தாங்கமாட்டா எண்டு நான் முடிவெடுத்திருந்தனான். "வீட்டை போறம் சேர்" எண்டன். அவர் வன்னிக்குப் போனார்.

வீட்டில பாதி ஓடு இல்லை. வளையில பெட்டி இருந்தது, பொலித்தீனும் இருந்தது, உள்ளுக்குக் கறையான் மண்தான். நாலு கொப்பியில ஒரு கொப்பியின்ர மட்டை மட்டும் மிச்சம், அதில என்ர பேரும் வகுப்பும் வடிவான கையெழுத்தில.

அந்த வருசக் கடைசியில அப்பா திருகோணமலையால கப்பல் எடுத்து வந்தார். சந்தியில பஸ்ஸால இறங்கேக்க நான் சைக்கிளோட நிண்டனான். நல்லா மெலிஞ்சிருந்தார், என்ர தோளுக்குக் கொஞ்சம் மேல வந்தார், முந்தி நான்தான் அவரின்ர தோளுக்குக் கீழ. ஹாண்டிலைப் பிடிக்கக் கையை நீட்டினவர் பிறகு எடுத்திட்டார். "நீ உழக்கு" எண்டார். பேக்கை மடியில வைச்சுக்கொண்டு, அம்மம்மா இருந்த அந்தக் கரியர்ல ஏறி இருந்தார். வீடு வரும்வரைக்கும் என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவர்.